டூலைப் போட்டால் தூசி மெஷினும் ஓட வேண்டும்: மரப்பட்டறைக்கு முழுமையான வழிகாட்டி

பட்டறையில் தூசி உறிஞ்சும் மெஷின் நிற்கும், ஆனால் ஓடாது. நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கப் பட்டறைகளில் இது சாதாரணமாகப் பார்க்கிற விஷயம்தான். காசு போட்டு வாங்கியிருப்பார்கள், பைப்பும் இழுத்திருப்பார்கள், சுவிட்ச் மட்டும் எதிர்ச் சுவரில் இருக்கும். ஒரு ரீப்பரை அறுக்க ஐந்து விநாடி ஆகும். அதற்காகப் போய் சுவிட்சைப் போட்டு, திரும்பி வந்து அறுத்து, மறுபடி போய் அணைக்க எந்த ஆசாரிக்குப் பொறுமை இருக்கும்? நாலு தடவை செய்வார், ஐந்தாவது தடவை துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அறுத்துவிடுவார். துண்டு தடுப்பது கண்ணுக்குத் தெரிகிற தூளை மட்டும்தான், நுரையீரலில் இறங்குகிற பொடி அதில் நிற்காது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐஏஆர்சி, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. மூக்கு, சைனஸ் பகுதியில் வருவதுதான் அதில் முக்கியம்.

ஆக, டூலை ஆன் செய்தால் தூசி மெஷின் தானாக ஓட வேண்டும். டூல் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஓடி, ஹோஸில் தங்கிய தூளை இழுத்துவிட்டு நிற்க வேண்டும். இதற்கு ஐந்தாறு வழி இருக்கிறது, எல்லாருக்கும் ஒரே வழி பொருந்தாது. "எது நல்லது?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உறிஞ்சுகிற மெஷினில் என்ன மோட்டார் இருக்கிறது?

மோட்டாரைப் பார்த்துவிட்டு சுவிட்சைப் பாருங்கள்

கையில் பிடிக்கிற டூலுக்கு (கட்டர், ரூட்டர், சாண்டர், கை பிளேனர்) மாட்டுகிற வேக்குவத்தில் பெரும்பாலும் கார்பன் பிரஷ் உள்ள மோட்டார்தான். கீச்சென்று கத்தும், ஆனால் ஒரு நாளில் நூறு தடவை ஆன் ஆஃப் செய்தாலும் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். 4 இன்ச் ஹோஸ், துணிப் பை எல்லாம் வைத்து தரையில் நிற்கிற டஸ்ட் கலெக்டரின் கதை வேறு. அதில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். ஸ்டார்ட் ஆகும்போது ஓடுகிற கரண்டைப்போல 5 முதல் 7 மடங்கு இழுக்கும். சிங்கிள் ஃபேஸ் என்றால் ஸ்டார்ட்டிங் கபாசிட்டர் ஒன்று இருக்கும், அதை மணிக்குச் சுமார் 20 ஸ்டார்ட் என்ற கணக்கில்தான் பொதுவாகத் தயாரிக்கிறார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஆன் ஆகி உடனே ஆஃப் ஆனால் கபாசிட்டரோ, மோட்டார் வேகம் எடுத்ததும் அதைத் துண்டிக்கிற சென்ட்ரிஃபியூகல் சுவிட்சோ சீக்கிரம் போய்விடும்.

அதனால் நான் பிரித்துக்கொள்வது இப்படி. வேக்குவத்துக்கு முழு ஆட்டோமேட்டிக், டூல் நின்று 5 முதல் 10 விநாடியில் ஆஃப். டஸ்ட் கலெக்டருக்கு ஆன் ஆவது ஆட்டோமேட்டிக், ஆஃப் ஆவது சில நிமிடம் கழித்து. அடுத்த பலகை அதற்குள் வந்துவிட்டால் மோட்டார் நிற்காமலே ஓடிக்கொண்டிருக்கும். பட்டறைக் காற்றில் மிதக்கிற பொடியும் கொஞ்சம் குறையும்.

ஆம்பியர் கணக்கு

இதைப் போடாமல் எதையும் வாங்காதீர்கள். 16 ஆம்ப் பவர் பிளக்கில் அதிகபட்சம் 230 பெருக்கல் 16, அதாவது 3680 வாட். 1400 வாட் கட்டர் 6 ஆம்ப், 1200 வாட் வேக்குவம் 5 ஆம்ப் சொச்சம், ரெண்டும் சேர்ந்து 11-12. ஒரே பிளக்கில் தாங்கும். ஆனால் 2 எச்பி சிங்கிள் ஃபேஸ் டஸ்ட் கலெக்டர் மட்டுமே 10 முதல் 12 ஆம்ப் இழுக்கும். அதோடு டேபிள் சாவையும் (மேஜை ரம்பம்) ஒரே லைனில் போட்டால் எம்சிபி (லோடு மீறினால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுவதில் ஆச்சரியமில்லை. இந்த மாதிரி ஜோடிக்கு மெயின் போர்டிலிருந்து ரெண்டு தனி லைன் இழுத்தே ஆக வேண்டும், குறுக்கு வழி கிடையாது.

எம்சிபி விஷயத்தில் ஒரு சின்னக் குறிப்பு: வீட்டு போர்டில் பி டைப் போட்டிருந்தால் அது 3 முதல் 5 மடங்கு கரண்டிலேயே சட்டென்று விழும். மோட்டாருக்கு சி டைப் போடுங்கள், அது 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும். விழுகிறது என்பதற்காக ஆம்பியரை ஏற்றி 32 போடுகிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். அப்புறம் எம்சிபி விழாது, வயர் எரியும்.

வயர் தடிமனும் இதே கணக்கில் வருகிறது. போர்டிலிருந்து 20 மீட்டர் தள்ளி 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் வயரில் 2 எச்பி மோட்டாரை ஓட்டினால், ஸ்டார்ட்டிங்கில் 60 ஆம்ப் ஓடும் அந்த ஒரு நொடியில் சுமார் 29 வோல்ட் வயரிலேயே கரைந்துவிடும். 2.5 ஸ்கொயரில் 18. ஏற்கனவே மும்முனை விடுகிற நேரத்தில் சுற்றுவட்டாரப் பம்ப்செட் எல்லாம் ஓடி வோல்டேஜ் இறங்கியிருக்கும் கிராமத்துப் பட்டறையில் இது சின்ன விஷயம் இல்லை. காரணத்தைக் கீழே சொல்கிறேன். தூரம் அதிகம் என்றால் 4 ஸ்கொயருக்குப் போய்விடுங்கள்.

காசு அதிகம் போடாமல் செய்யக்கூடியவை

ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ரெண்டையும் மாட்டி, டூலின் சுவிட்சை லாக் செய்துவிட்டு, பாக்ஸின் சுவிட்சால் ரெண்டையும் போடுவது நம்ம ஊரில் ரொம்பப் பேர் செய்கிற வேலை. கட்டர், ரூட்டரில் இதைச் செய்யாதீர்கள். கரண்ட் போய்த் திரும்ப வரும்போது மேஜையில் கிடக்கிற கட்டர் தானாக ஓட ஆரம்பிக்கும், அந்த நேரம் யார் கை எங்கே இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. டூலின் சுவிட்ச் எப்போதும் கையில்தான் இருக்க வேண்டும். கீழே சொல்கிற பெரும்பாலான முறைகளில் டூல் கட்டளை போடுகிறது, தூசி மெஷின் கேட்டுக்கொள்கிறது.

கை டூல் மட்டும் வைத்து வேலை செய்பவர், புதிதாக வேக்குவம் வாங்கப் போகிறார் என்றால் உடம்பிலேயே சாக்கெட் உள்ள வேக்குவத்தை வாங்கிவிடுவதுதான் உத்தமம். கார்ச்சர், பாஷ், மக்கிதா, ஃபெஸ்டூல் எல்லாவற்றிலும் அந்த மாதிரி மாடல் உண்டு. டூலை அந்த சாக்கெட்டில் மாட்டி, நாப்பை ஆட்டோவில் வைத்தால் முடிந்தது. தாமதமாக ஆன் ஆவது, தாமதமாக ஆஃப் ஆவது எல்லாம் உள்ளேயே இருக்கும். அந்த சாக்கெட் எத்தனை வாட் தாங்கும் என்று பக்கத்தில் எழுதியிருப்பார்கள், அதை மட்டும் பார்த்துவிட்டு டூலை மாட்டுங்கள். மாடுலர் கிச்சன் வேலைக்கு வீடு வீடாகப் போய் எம்டிஎஃப் அறுக்கிற ஓசூர்ப் பையன்களுக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

பேட்டரி டூல் என்றால் இந்த வழி எதுவும் நடக்காது. சாக்கெட்டில் கரண்ட் ஓடினால்தானே வேக்குவம் உணரும்? மக்கிதாவின் ஏடபிள்யூஎஸ் மாதிரி வயர்லெஸ் அமைப்பு டூலிலும் வேக்குவத்திலும் இருந்தால் சரி, இல்லாவிட்டால் ரிமோட்.

433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் ரிலே (ரேடியோ ரிமோட்டில் ஆன் ஆஃப் ஆகும் சின்ன மின் சுவிட்ச்) ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. ரிமோட்டைக் கழுத்திலோ, ஹோஸ் நுனியிலோ கட்டிக்கொள்ளலாம். ஆன், ஆஃப் ரெண்டுக்கும் தனித்தனி பட்டன் வருகிற மாதிரி செட் செய்யுங்கள். ஒரே பட்டன் மாறி மாறி வேலை செய்தால் சத்தத்தில் எது ஓடுகிறது என்று குழம்பும். கரண்ட் திரும்ப வரும்போது ஆஃபிலேயே இருக்கிற மாடலாகவும் பார்த்து வாங்க வேண்டும். இரும்புப் பெட்டிக்குள் ரிசீவரை வைத்தால் சிக்னல் வராது, ஆன்டெனா வயரை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள். தொலைவில் நிற்கிற ஒரே டஸ்ட் கலெக்டரை நாலு மெஷினுக்கும் பயன்படுத்துகிற சின்னப் பட்டறைக்கு, உண்மையைச் சொன்னால், இது போதும்.

வைஃபை ஸ்மார்ட் பிளக்கைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அதன்மேல் 16 ஆம்ப் என்று எழுதியிருப்பது ஹீட்டர் மாதிரி லோடுக்கு. மோட்டார் ஸ்டார்ட் ஆகிற கரண்டில் உள்ளே இருக்கும் சின்ன ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் போனில் எத்தனை தடவை ஆஃப் அமுக்கினாலும் மெஷின் நிற்காது. ரிமோட் ரிலேக்கும் இதே விதிதான்: சின்ன ரிலே, கான்டாக்டரின் (மோட்டார் கரண்டைத் தாங்குகிற பெரிய மின்காந்த சுவிட்ச்) காயிலை மட்டும் ஓட்டட்டும், மோட்டாரைக் கான்டாக்டர் ஓட்டட்டும். அமெரிக்கக் கடைகளில் விற்கிற ஆட்டோ சுவிட்ச் பெட்டிகளையும் ஆசைப்பட்டு வரவழைக்க வேண்டாம், அதில் பெரும்பாலானவை 120 வோல்ட்டுக்கானவை.

கரண்டை உணர்ந்து ஓட்டும் பெட்டி: படிப்படியாக

ஏற்கனவே வேக்குவமோ கலெக்டரோ கையில் இருக்கிறது, அதையே ஆட்டோமேட்டிக் ஆக்க வேண்டும் என்பவருக்கு இது. தேவையானவை: தூசியைத் தடுக்கிற ஐபி54 தரம் அல்லது அதற்கு மேற்பட்ட பெட்டி, 2 போல் சி டைப் எம்சிபி, 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), நடுவில் ஓட்டை உள்ள கரண்ட் சென்சிங் ரிலே, மல்டி ஃபங்ஷன் டைமர், கான்டாக்டர், மூன்று நிலை செலக்டர் சுவிட்ச், ரெண்டு 16 ஆம்ப் சாக்கெட். கான்டாக்டர், எம்சிபி, செலக்டர் எல்லாம் ஓசூரில் தொழிற்சாலைகளுக்கு சப்ளை செய்கிற எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும். சென்சிங் ரிலே அங்கே இல்லை என்றால் பெங்களூரு எஸ்.பி. ரோடு, அல்லது ஆன்லைன். வயரிங்கை லைசென்ஸ் உள்ள ஒயர்மேனிடம் கொடுங்கள், இந்தப் பகுதியை அவரிடம் காட்டினாலே புரிந்துகொள்வார்.

கான்டாக்டர் வாங்கும்போது ஏமாறாதீர்கள். ஒரே கான்டாக்டரில் ஏசி-1 (ஹீட்டர் மாதிரி லோடு) என்று 25 ஆம்ப் எழுதியிருக்கும், ஏசி-3 என்று 9 ஆம்ப் எழுதியிருக்கும். மோட்டாருக்குக் கணக்கு ஏசி-3 தான். 2 எச்பி சிங்கிள் ஃபேஸ் கலெக்டருக்கு ஏசி-3 இல் 18 ஆம்ப் எடுத்தால் நிம்மதி.

முதல் வேலை, மெயினை அணைத்து டெஸ்டரால் சரிபார்த்துவிட்டு, லைனை எம்சிபி, ஆர்சிசிபி வழியாகக் கொண்டுவந்து டூல் சாக்கெட்டுக்கு நேராகக் கொடுங்கள். போகிற வழியில் ஃபேஸ் வயரை மட்டும் சென்சிங் ரிலேயின் ஓட்டைக்குள் நுழைத்து எடுக்க வேண்டும். மட்டும் என்பதை மறுபடி சொல்கிறேன். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து உள்ளே போனால், கொடுத்த கடனும் வாங்கிய கடனும் நேராகிப்போன மாதிரி ரெண்டின் காந்தப்புலமும் கழிந்து, ரிலேக்கு எதுவுமே தெரியாது. பலர் டூலின் முழு கேபிளையும் அந்த ஓட்டையில் நுழைத்துவிட்டு, ரிலே கெட்டுப்போச்சு என்று திருப்பிக் கொடுப்பது இதனால்தான்.

அடுத்தது கலெக்டர் சாக்கெட். இதற்கான ஃபேஸ், நியூட்ரல் ரெண்டும் கான்டாக்டர் வழியாகப் போகட்டும். பழைய கட்டடங்களில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிக் கிடப்பது சகஜம், ரெண்டையும் துண்டித்தால் அந்தக் கவலை இல்லை. பெரிய கலெக்டர் என்றால் முன்பு சொன்னபடி இதற்குத் தனி லைன், தனி எம்சிபி. எர்த் எதன் வழியாகவும் போகக்கூடாது, நேராகப் போக வேண்டும். கலெக்டர் மோட்டாரிலேயே ஓவர்லோட் பாதுகாப்பு இல்லை என்றால் கான்டாக்டருக்குக் கீழே ஓவர்லோட் ரிலே சேருங்கள்.

மூன்றாவதாக டைமர். அதற்கு 230 வோல்ட் எப்போதும் இருக்க வேண்டும், சென்சிங் ரிலேயின் கான்டாக்ட் அதன் கன்ட்ரோல் முனையில் வரும். ஆஃப் டிலே ஃபங்ஷனில் வைத்து, டைமரின் வெளியீட்டை கான்டாக்டர் காயிலின் ஏ1 முனைக்கும், நியூட்ரலை ஏ2 முனைக்கும் கொடுங்கள். ஆன் டிலேயும் சேர்ந்த மாடல் கிடைத்தால் 1 அல்லது 2 விநாடி வையுங்கள். டூலின் ஸ்டார்ட்டிங் கரண்ட் அடங்கிய பிறகு கலெக்டர் எழும். ஜெனரேட்டரில் ஓட்டுகிற நாட்களில் இந்த ஒரு விநாடியின் அருமை தெரியும். காயிலுக்குக் குறுக்கே ஒரு ஆர்சி ஸ்னப்பர் (வோல்டேஜ் துள்ளலை அடக்கும் சின்ன உதிரி) போட்டால் டைமரின் கான்டாக்ட் நீண்ட நாள் வரும்.

செலக்டர் சுவிட்சை விட்டுவிடாதீர்கள். ஆட்டோ, ஆஃப், மேனுவல் என்று மூன்று நிலை. தரை பெருக்க மேனுவல் வேண்டும், பை மாற்றும்போது ஆஃப் வேண்டும், இல்லாவிட்டால் பையை அவிழ்த்த நேரத்தில் யாராவது கட்டரைப் போட்டு உங்கள் முகத்தில் தூளை அடிப்பார்.

கடைசியாக சென்சிங் அளவைச் சரிசெய்வது. உங்களிடம் இருப்பதிலேயே சின்ன டூலை (பெரும்பாலும் சாண்டர்தான்) குறைந்த வேகத்தில் ஓட்டி, ரிலே பிடிக்கிற வரை ஸ்க்ரூவைத் திருப்புங்கள். அப்புறம் அந்த சாக்கெட்டில் டூல் ஆஃபில் மாட்டியிருக்கும்போது ரிலே விடுகிறதா என்று பாருங்கள். எலக்ட்ரானிக் ஸ்பீடு கன்ட்ரோல் உள்ள டூல்கள் சும்மா இருக்கும்போதும் துளி கரண்ட் இழுக்கும். சாண்டரின் கரண்ட் ரிலேக்குப் போதவில்லையா? ஃபேஸ் வயரை அதே ஓட்டையில் ரெண்டு சுற்று எடுங்கள், ரிலேக்கு இரட்டிப்பாகத் தெரியும்.

மேலே ஒத்திவைத்த வோல்டேஜ் விஷயம்: கான்டாக்டர் காயில் பொதுவாகத் தன் அளவில் 85 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் உறுதியாகப் பிடிக்கும். 230 வோல்ட் காயிலுக்கு அது சுமார் 196. வோல்டேஜ் அதற்குக் கீழே இருக்கும்போது கலெக்டர் எழுந்தால், ஸ்டார்ட்டிங்கில் இன்னும் இறங்கி, கான்டாக்டர் விட்டுவிட்டுப் பிடித்து கடகடவென்று அடிக்கும். அப்படி அடித்தால் உடனே ஆஃப் செய்யுங்கள், ஒரு நிமிடத்தில் முனைகள் கருகிவிடும். தடித்த வயர், நல்ல ஜாயின்ட், அதற்கும் சரிவராவிட்டால் ஈபியில் புகார். கான்டாக்டரை மாற்றிப் பயனில்லை.

த்ரீ ஃபேஸ் பட்டறைக்கு

டேபிள் சா, திக்னஸ் பிளேனர், பேண்ட் சா எல்லாம் டிஓஎல் ஸ்டார்ட்டரில் (மோட்டாரை நேரடியாக லைனில் போடும் ஸ்டார்ட்டர்) ஓடுகிற பட்டறைக்கு சென்சாரே தேவையில்லை. காவேரிப்பட்டணம் பக்கம் மாம்பழப் பெட்டி அடிக்கிற பட்டறையானாலும் சரி, கதவு ஜன்னல் செய்கிற இடமானாலும் சரி, ஸ்டார்ட்டருக்குள் இருக்கிற கான்டாக்டரே சொல்லிவிடும். பச்சை பட்டனை அமுக்கியதும் கான்டாக்டர் தன்னைத் தானே பிடித்துக்கொள்ள 13-14 என்ற என்ஓ கான்டாக்டைப் (சும்மா இருக்கும்போது திறந்திருந்து, கான்டாக்டர் பிடித்ததும் மூடுவது) பயன்படுத்துகிறது. கான்டாக்டரின் மேலே ஒரு ஆக்சிலரி பிளாக்கை (கூடுதல் கான்டாக்ட் துண்டு) சொருகி இன்னொரு என்ஓ கான்டாக்ட் எடுங்கள். மூன்று மெஷின் இருந்தால் மூன்றின் ஆக்சிலரி கான்டாக்டையும் பேரலலாக இணைத்து, அந்த ஜோடி வயரை டைமரின் கன்ட்ரோல் முனைக்கும், டைமர் வெளியீட்டை கலெக்டர் ஸ்டார்ட்டரின் காயிலுக்கும் கொண்டுபோனால், எந்த மெஷின் ஓடினாலும் கலெக்டர் ஓடும்.

ரெண்டு எச்சரிக்கை. கன்ட்ரோல் சப்ளை கலெக்டர் பக்கத்திலிருந்து மட்டும் வர வேண்டும். ஒவ்வொரு மெஷினின் காயிலிலிருந்தும் லைன் எடுத்து ஒன்றாகக் கட்டினால் வெவ்வேறு ஃபேஸ் மோதி 415 வோல்ட் ஷார்ட் ஆகும். காயில் 230 வோல்ட்டா 415 வோல்ட்டா என்பதையும் அதன் மேலேயே படித்துப் பாருங்கள், நம்ம ஊர் ஸ்டார்ட்டர்களில் ரெண்டும் வரும். இன்னொன்று, டேபிள் சாவின் ஐசொலேட்டரை (அந்த மெஷினின் மெயின் சுவிட்ச்) ஆஃப் செய்தாலும் அதன் ஸ்டார்ட்டருக்குள் கலெக்டரின் கன்ட்ரோல் லைன் உயிரோடு இருக்கும். மூடியின் உட்புறம் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். நாளைக்கு ரிப்பேருக்கு வருகிற ஒயர்மேனுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இங்கே இன்னொரு சௌகரியமும் உண்டு. ஒவ்வொரு மெஷினுக்கும் போகிற 4 இன்ச் பைப்பில் கேட் (காற்றை அடைக்கும் தட்டு) இருந்தால், கேட்டில் ஒரு லிமிட் சுவிட்ச் வைத்து, கேட்டைத் திறந்தாலே கலெக்டர் ஓடும்படி செய்யலாம். கேட்டைத் திறக்க மறந்து அறுக்கிற பிரச்சினை இதில் குறையும், ஏனென்றால் கலெக்டர் சத்தம் வரவில்லை என்றாலே கை தானாக கேட்டைத் தேடும். திறந்த சின்ன மைக்ரோ சுவிட்ச் தூளில் அடைத்துக்கொள்ளும், ரப்பர் மூடி உள்ள லிமிட் சுவிட்சோ, காந்தம் வைத்த ரீட் சுவிட்சோ போடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேட்டுக்கு மேல் திறக்காதீர்கள். டேபிள் சா, பிளேனர் மாதிரி மெஷினுக்கு 350-400 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி) காற்று வேண்டும் என்பார்கள், சின்ன கலெக்டரால் ரெண்டு வாய்க்கு அதைக் கொடுக்க முடியாது.

கிரைண்டரில் இரும்பு தேய்க்கிற வேலையும் அதே பட்டறையில் இருந்தால், அந்த பிளக்கை இந்த ஆட்டோ பெட்டியில் மாட்டவே கூடாது. தீப்பொறி உறிஞ்சப்பட்டு மரத்தூள் பைக்குள் போய் உள்ளே புகைந்துகொண்டே கிடக்கும், பட்டறையைப் பூட்டிவிட்டுப் போன பிறகு பற்றும். கிரானைட் தூளுக்கும் இதே வேக்குவத்தைப் பயன்படுத்த வேண்டாம். அதில் சிலிக்கா இருக்கிறது, அதற்கான ஃபில்டர் வேறு.

ஓட்டிப் பார்க்கும்போது வரிசை இதுதான்: முதலில் மேனுவலில் கலெக்டர் மட்டும்; அப்புறம் ஆட்டோவில் டூல் மட்டும், கலெக்டர் பிளக்கைக் கழற்றிவிட்டு, கான்டாக்டர் டக்கென்று பிடிக்கும் சத்தம் வருகிறதா என்று; அப்புறம் ரெண்டும் சேர்ந்து. அரை மணி நேரம் வேலை செய்துவிட்டு மெயினை அணைத்து, பிளக்கையும் சாக்கெட்டையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது அல்லது பிளக் மட்டம். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அமுக்குங்கள், பெட்டியைத் திறந்து உள்ளே தூள் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். புது டூல் வாங்கினால் சென்சிங் ஸ்க்ரூவை மறுபடி ஒரு தடவை சரிபார்க்க வேண்டும்.